பத்து நிமிட நாடு

போடி வண்டி உசிலம்பட்டி தாண்டி
கணவாய்க்கு முன்னால் நின்றுவிட்டது.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
எதிர் சீட்டுக்காரர் தினத்தாளை மடியில் விரித்து
வெள்ளரிப்பிஞ்சு நறுக்க ஆரம்பித்தார்.
நான் கடிகாரம் பார்த்தேன்.

இந்நேரம் ஒரு நாடு முடிந்திருக்கும்.

ஆஸ்திரியாவில் ஏறி சுவிஸில் இறங்கினேன் போன மாதம்.
நடுவில் லீக்டன்ஸ்டைன்.
ஒரு மாட்டுக்கொட்டகை,
கொடியில் காயும் நீலச் சட்டைகள்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு தபால்காரி.
எல்லை எதுவென்று கண்ணாடியில் மூக்கு பதியத் தேடினேன்.
ஓடையா, வேலியா, அந்தப் பாப்ளார் வரிசையா?
கைபேசிக்கு மட்டும் தெரிந்திருந்தது.
‘வருக’ என்றது,
கடித்த ஆப்பிளை முடிப்பதற்குள்
இன்னொரு ‘வருக’.

சென்னையில் விசா கவுண்டரில்
‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
கோடு போடக்கூடாது மேடம், எழுதுங்க என்றாள்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்.
‘இல்லை’ என்று எழுதினேன்.
அந்த ‘இல்லை’
பதினெட்டு நாளும் என்னோடு வந்தது.
சன்னலோரம் அதற்கு,
நடைபாதைப் பக்கம் எனக்கு.

விடுதிகளில் நான் இருளாயி இல்லை.
பாஸ்போர்ட்டில் கடைசியாக இருப்பது அப்பா பெயர்.
குட் மார்னிங் மிஸ் பேச்சியப்பன்,
உங்கள் சாவி மிஸ் பேச்சியப்பன்.
மதுரை ஜங்ஷனில் பிளாட்பார டிக்கெட் வாங்கியதோடு
ரயில் சவகாசம் முடிந்துபோன மனுஷன்
ஆறு நாட்டில் காலை வணக்கம் வாங்கினார்.

லக்ஸம்பர்க்கில் டிக்கெட் கேட்டேன்.
இங்கே ரயிலுக்குக் காசு கிடையாது, போய் ஏறுங்கள் என்றார்கள்.
மின்வாரியத்தில் முப்பது வருஷம்
வீடு வீடாக யூனிட் எழுதியவள் நான்.
வெறுங்கையோடு உட்காரக் கூசியது.
ரொட்டிக்கடை ரசீதை நான்காக மடித்து
இறங்கும்வரை விரலிடுக்கில் வைத்திருந்தேன்.

மொனாக்கோவின் ஸ்டேஷன் மலைக்குள்ளே.
ஒரு லிஃப்டில் ஏறினேன், ஒரு சுரங்கத்தில் நடந்தேன்,
பளிங்கு முடிகிற இடத்தில் மறுபடி பளிங்கு.
வெளிவாசல் கிடைக்கும் முன்
அடுத்த வண்டி வந்தது. ஏறிவிட்டேன்.
அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்லி வருகிறேன்,
ஆபீஸில் கேட்கிறவர்களிடம்.
கடல் எப்படி இருந்தது என்று மட்டும்
யாரும் கேட்காமலிருக்க வேண்டும்.

வண்டி இன்னும் நகரவில்லை.

எழுபத்திரண்டு பாளையம்,
மதுரைக் கோட்டைக்கு எழுபத்திரண்டு கொத்தளம்:
பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி.
இந்தக் கரடும், அந்தக் கம்மாயும், தண்டவாளத்துக்கு அங்கிட்டு
தனியாக நிற்கும் உடைமரமும்
ஒரு காலத்தில் வேறு வேறு நாடு.
எதில் நிற்கிறது இப்போது என் பெட்டி?
யாருக்கு வரி கட்டிய மண்
இந்தச் சக்கரத்துக்குக் கீழே?
கைபேசியை எடுத்துப் பார்த்தேன்.
டவரே இல்லை.
வருக என்று சொல்ல
இங்கே ஒருத்தருமில்லை.

“எங்கம்மா எறங்கணும்?”
“ஆண்டிபட்டி.”
“அடுத்த ஸ்டேஷன்தான்.
எப்பன்னுதான் சொல்ல முடியாது.
கூட யாரும் வரலியா?”

இல்லை என்றேன்.
அவர் உப்புமிளகாய் தடவி
இரண்டு துண்டு நீட்டினார், ஏனோ இரண்டு.
ஒன்றைத் தின்றேன்.
மற்றதை
சன்னலோரமாக வைத்தேன்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியதில்
அது உருண்டு
என் மடிக்கே வந்தது.